மொனாகோவில் ஒரு மஃரிப்

"அந்தப் பொம்பளை யாரு மச்சான்? பேரை மட்டும் சொல்லுங்க, நான் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுறேன்!"

"எந்தப் பொம்பளை? நான் பிரான்ஸுல இருந்தேன் நஜீஹா. புஜைராவுல இல்ல!"

ஷார்ஜா ரோலாவில் அந்தக் கட்டடத்துப் படிக்கட்டுக்குக் காது உண்டென்றால், அது கீழ்த்தள மளிகைக்கடை கௌஸ் முகம்மதுவின் காதுதான். பருப்பைத் தராசிலேயே விட்டுவிட்டு மூன்றாம் மாடிக்கு ஓடினார். அரிசி வாங்க வந்த பத்மநாதனையும் கையோடு இழுத்துக்கொண்டார். பத்மநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருஷம் கப்பலில் ரேடியோ ஆபீசர். கட்டடத்தில் எது காணாமல் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கௌஸ் தன்னை அவருடைய வலது கை என்று சொல்லிக்கொள்வார். பத்மநாதன் அப்படிச் சொன்னதில்லை.

வழக்கு இதுதான். டிராவல்ஸ் ஆபீசில் பதினோரு வருஷமாகப் பிறரைத் தென்பிரான்ஸ் கடற்கரைக்கு அனுப்பிவைத்த முகம்மது ரிபாய், அந்த 2006 ஜூலையில் ஆபீஸ் செலவில் தானே பத்து நாள் போய்வந்தார். கௌஸ் கடை வாசலில் மாலை போட்டு வழியனுப்பினார். அதே நாட்களில் அவரைப் பக்கத்துக் கடற்கரை ஊரான புஜைராவில் ஒரு பெண்ணோடு டேங்கர் டிரைவர் பொன்னுச்சாமி பார்த்தாராம். பேச்சு கௌஸ் கடையில்தான் கிளம்பியது. அங்கே எந்தச் செய்தியும் உப்பில்லாமல் விற்றதில்லை. பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்க்கலாமென்றால், எல்லோருடையதையும் போல அதுவும் முதலாளியின் பீரோவில். மனைவி நஜீஹாவுக்கு நாளை ஊருக்கு ஃப்ளைட். போனால் திரும்ப மாட்டாள்.

"தம்பி, ஒருநாள் சுத்தினதைச் சொல்லும் பாப்பம்," என்றார் பத்மநாதன்.

ரிபாய் ஒப்பித்தார். "காலையில நீஸ்லேர்ந்து பஸ். மலை மேல பழைய கிராமம், கீழே நீலக்கடல். மதியம் மாந்தோன், தெருவெல்லாம் எலுமிச்சை. சாயங்காலம் மொனாகோ. ஏழேகாலுக்குத் துறைமுகத்து ஓரமா மஃரிப் தொழுதேன். தொழுது முடிக்கையில படகுலயெல்லாம் விளக்கு."

"கேக்கவே குளுகுளுங்குது," என்றார் கௌஸ்.

பத்மநாதன் திறந்து கிடந்த ரிபாயின் பயணப் பெட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். "இந்தப் பொத்தான் ஆர் தைச்சது?"

"நான் தைக்கல," என்றாள் நஜீஹா.

ரிபாய் தலையைக் குனிந்தார். "நான்தான்."

பத்மநாதன் அந்த நூலை நகத்தால் சுண்டினார். கண்ணாடி போல் விறைப்பாக நின்றது.

"கௌஸ் பாய், நீங்கள் அஞ்சு நேரமும் தொழுகிற ஆள். உங்களுக்கு விளங்கேல்லையோ? ஜூலையில நான் அந்தத் துறைமுகத்தில நிண்டிருக்கிறன். ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் விழும். ஏழேகாலுக்கு நல்ல வெயில். சூரியன் விழுந்தாப் பிறகுதானே மஃரிப் தொழுகை? அப்ப அது எப்பிடி வந்தது?"

கௌஸின் முகம் சுண்டியது.

"ஜூலையில ஏழேகாலுக்கு மஃரிப் வாறது இங்க. புஜைராவில."

"அப்ப பொம்பளை இருக்கா!" நஜீஹா விம்மினாள்.

"பொறு பிள்ளை. இது தூண்டில் நரம்பு. பொம்பிளை இருக்கிற வீட்டில ஒரு ஊசி நூல் இராதோ? இது மீன்பிடிக்கிற ஆம்பிளையளின்ர ரூமில தைச்சது. ஆனா அந்தப் பொம்பிளை எங்க பிறந்தவ எண்டு எனக்குத் தெரியும்." திரும்பினார். "கௌஸ் பாய், பொன்னுச்சாமி உங்களிட்டச் சொன்னதைச் சொல்லுக்குச் சொல்லுச் சொல்லுங்கோ."

"ரிபாய் மாதிரி ஒருத்தரு... கையில மீன் பையோட..."

"பொம்பிளை?"

கௌஸ் தன் செருப்பைப் பார்த்தார். "மீன் பைன்னு சொன்னா யாரு நின்னு கேக்குறா? வாயில தானா வந்துருச்சு."

அறையில் யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ரிபாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். "விசா தரல. தாளு வந்தது கிளம்புற அன்னைக்குக் காலையில. சாயங்காலம் நீங்க மாலையோட நிக்கிறீங்க கௌஸ் காக்கா. எந்த மூஞ்சியோட வேண்டாம்னு சொல்றது? புஜைராவுல எண்ணெய் டாங்கிப் பக்கம், கூட்டாளி நுஃமான் ரூமுல பத்து நாள் கிடந்தேன். நான் சொன்ன ஊரெல்லாம் ஆபீஸுக்கு நானே அடிச்ச நோட்டீஸுல உள்ளது."

நஜீஹா ஊசி நூலோடு வந்தாள். தூண்டில் நரம்பைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள். "இதுக்குப் பொம்பளையே தேவலாம் மச்சான்," என்றாள் அழுதுகொண்டே. ஆனால் பொத்தானைத் தைத்தாள். மறுநாள் ஃப்ளைட்டில் அவள் இருக்கை காலியாகவே பறந்தது.

அந்த வருஷக் கடைசியில் இருவரும் ஓமானில் உள்ள சலாலாவுக்குக் குடிபோனார்கள். அங்கே சாரல் பார்க்க வருகிறவர்களை ரிபாய் வண்டியில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுகிறாராம். தான் பார்த்த இடங்களை மட்டும். பொன்னுச்சாமிக்குத் தையில் கல்யாணம். பத்திரிகை கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் வந்தது, மளிகைக்கடைக்கு மட்டும் வரவில்லை.

ரிபாய் கொடுத்த 'பிரான்ஸ்' சோப்பு கல்லாவுக்குப் பின்னால் பிரிக்கப்படாமல் இருக்கிறது. அடியில் உள்ளூர்க் கடையின் பாதி கிழிந்த திர்ஹம் விலைச் சீட்டு. "என்ன காக்கா விசேஷம்?" என்று யார் கேட்டாலும், "மாஃபி, ஒண்ணுமில்ல," என்று பருப்பை நிறுக்கிறார் கௌஸ்.