காலித் தூளி

அந்த அறையில் எல்லாவற்றின் மேலும் தூசி படிந்திருந்தது. டி.வி.யின் தலையில், ஜன்னல் திரையின் மடிப்புகளில், கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த அருவிப் படத்தின் சட்டத்தில். எளாவூர் செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளுக்கு எதிரில் ஓட்டல் கட்டினால் வேறென்ன படியும்? ஆனால் உத்தரத்தில் தொங்கிய இரும்புக் கொக்கியில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. நேற்றுவரை யாரோ அதில் கயிறு போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது போல அது பளபளத்தது.

கிறிஸ்டினாவுக்கு அது பிடிக்கவில்லை. சந்தேகம் அவளோடு கூடவே பிறந்தது. பால்காரனைச் சந்தேகிப்பாள், கேஸ் சிலிண்டரைச் சந்தேகிப்பாள், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் எவரையும் இரண்டு மடங்காகச் சந்தேகிப்பாள். ஏஞ்சல் பிறந்த இந்த எட்டு மாதத்தில், பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவைக்கூட அவள் பார்க்காமல் விட்டதில்லை.

அவள் கணவன் சாம்சனுக்கு கும்மிடிப்பூண்டியில் ஒரு உருக்காலையில் வேலை. உலையைப் பழுது பார்க்க ஆலையை மூடியிருந்தார்கள். கல்யாணமாகி முதல்முறையாக வெளியே தங்குகிறார்கள். காலையில் பழவேற்காடு ஏரியில் படகு, பூநாரை. ராத்திரிக்கு ஏசி ரூம். வீட்டிலிருந்து பைக்கில் அரை மணி நேரம்தான் என்றாலும் டூர் டூர்தானே.

"பாத்தியா, தூளி கட்ட கொக்கிகூட வெச்சிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே சாம்சன் அவளுடைய பழைய நூல் சேலையைக் கொக்கியில் போட்டு முடிந்தான். தூளியின் அடிப்பக்கம் அவள் இடுப்பு உயரத்துக்கு வந்தது. கனம் தாங்குமா என்று இழுத்துப் பார்த்தான். பிறகு விளையாட்டாக, வெறும் தூளியை வீசி ஆட்டினான்.

"காலித் தூளிய ஆட்டாதீங்க, பாப்பாவுக்கு வவுறு வலிக்கும்."

"சர்ச்சுக்குப் போறவ பேசற பேச்சா இது?"

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு கை நீண்டு தூளியைப் பிடித்து நிறுத்தியது. அறைகளைப் பார்த்துக்கொள்ளும் லட்சுமியம்மாள். கையில் பால் தம்ளர், இடுப்பில் சாவிக் கொத்து. கதவைத் தட்டாமலே வந்திருந்தாள்.

"இதுல போடாதம்மா. பெட்டுலயே போட்டுக்கோ" என்றாள். "இந்தக் கொக்கியப் புடுங்குங்கன்னு சொல்லிக்கினேதான் கீறேன். ஒருத்தரும் கேக்கல." பேச்சு அவர்களோடு இருந்தாலும் பார்வை குழந்தையின் மேலேயே இருந்தது. "எத்தினி மாசம்?" என்று கேட்டுக்கொண்டே ஏஞ்சலின் பாதத்தைத் தொட்டாள்.

கிறிஸ்டினா குழந்தையின் காலை இழுத்துக்கொண்டாள். இந்த அம்மாள் எல்லா ரூமுக்கும் சாவி வைத்திருக்கிறாள். கட்டிலில் போட்டால் ஒரு நொடியில் அள்ளிக்கொண்டு போகலாம். தூளியிலிருந்து எடுப்பது அத்தனை சுலபமில்லை. அவள் கணக்கு அப்படி ஓடியது.

ஏஞ்சல் வழக்கம்போல ஒரு பாடு அழுது, முதுகை வில்லாக வளைத்து, கடைசியில் தூளியிலேயே தூங்கிப் போனாள். விளக்கை அணைத்துவிட்டுக் கிறிஸ்டினா குளிக்கப் போனாள். வாளியில் தண்ணீர் கொட்டிய இரைச்சலில் வெளியே ஒன்றும் கேட்கவில்லை. உருக்காலைப் புகை நாற்றமும் டீசல் நாற்றமும் குளியலறைக்குள்ளும் வந்திருந்தன.

வெளியே வந்தபோது சாம்சனைக் காணோம். சாப்பாடு வாங்கப் போயிருப்பான். கதவு வெறுமனே சாத்தியிருந்தது, தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு, கதவையும் திறந்து போட்டுவிட்டுப் போகிற மனுஷனை என்ன சொல்ல! ஓடிப்போய் மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். போதாதென்று நாற்காலியை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

தூளி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வயிறு புடைத்த மாதிரி அதன் நடுவில் கனம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் ஆட்டத் தொடங்கினாள். விலக்கிப் பார்க்கவில்லை. தூங்குகிற பிள்ளையைப் பார்க்கக் கூடாது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது. அதிலும் பெற்றவள் கண்.

லாரிகளின் முகப்பு வெளிச்சம் திரையைத் தாண்டி சுவரில் ஊர்ந்து, தூளியின் நிழலை ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு இழுத்துப் போனது. கொக்கி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிரீச், கிரீச் என்றது. ஏசியின் குளிரிலும் சேலைக்கு உள்ளிருந்து சூடு அவள் புறங்கையில் பட்டது. குழந்தைச் சூடுதான். கொஞ்சம் அதிகமாக இருந்தது. காய்ச்சலோ?

உள்ளே சிணுங்கல் கேட்டது.

"ஒண்ணுமில்லடா செல்லம். அம்மா கீறேன்."

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. ஏஞ்சல் லேசாக முனகினாலே போதும், பக்கத்து அறையில் இருந்தாலும் அவள் மார்பில் பால் கசிந்துவிடும். ரவிக்கை நனைந்து பலமுறை வெட்கப்பட்டிருக்கிறாள். இன்று ஒரு சொட்டு வரவில்லை. அலைச்சல்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நிம்மதி மட்டும் வரவில்லை.

ஆட்டுகிற கை வலித்தது. முதலில் விரல் நுனியால் ஆட்டினாள், இப்போது முழுக்கையும் தேவைப்பட்டது. தூளியின் அடிப்பக்கம் அவள் முழங்காலில் இடித்தது. இடுப்பு உயரத்தில் அல்லவா கட்டினான்? புது முடிச்சு, இறங்கத்தான் செய்யும்.

கதவு தட்டும் சத்தம்.

"தொறம்மா. பாப்பா அழுவுது." லட்சுமியம்மாள்.

வந்துவிட்டாள். சாம்சன் இல்லாத நேரம் பார்த்து வந்துவிட்டாள். கிறிஸ்டினா ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறுகையால் சாம்சனுக்கு போன் போட்டாள். மணி கட்டில்மேலேயே அடித்தது. போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"எம் பாப்பா தூங்குது. நீ போ! போலீசுக்கு போன் பண்ணுவேன்!"

வெளியே அந்தக் குரல் தணிந்து, கதவோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"உள்ள எங்கம்மா தூங்குது? தூளிலயா?"

உள்ளே கொக்கி கிரீச்சிட்டது.

"ஆட்டிக்கினா கீற? ஐயோ... நிறுத்தாத தாயி. நிறுத்தாம ஆட்டு."

படிக்கட்டில் செருப்புச் சத்தம். சாம்சனின் குரல். "இன்னா கிறிஸ்டி, கதவத் தாழ் போட்டுக்கினு? பாப்பா முழிச்சிக்கிச்சி, நீ குளிச்சிக்கினு இருந்தியேன்னு கீழ தூக்கினு போனேன். பசிக்குது போல, இன்னா அழுகை பாரு. தொற."

குழந்தை அழுதது. கதவுக்கு வெளியே.

பால் சுரந்தது. இரண்டு மார்பிலும் குபீரென்று சுரந்து, ரவிக்கையை நனைத்து, வயிற்றில் வழிந்தது.

அவள் கை நின்றுபோனது.

தூளி மட்டும் ஆடியது. அவள் தொடாமலே. ஒருமுறை. இரண்டுமுறை. பிறகு அசையாமல் நின்றது.

சிணுங்கல் இல்லை. கொக்கி முனகியது. சேலை நீண்டது. முழங்காலுக்குக் கீழே. கணுக்காலுக்கு. நூல் பிரியும் சத்தம். தரையில், மெத்தென்று ஏதோ பட்டது.

"கிறிஸ்டி! உள்ள இன்னா நடக்குது? தாழ எடு!" சாம்சன் தோளால் கதவை இடித்தான். நாற்காலி ஒரு விரற்கடை நகர்ந்தது. ஏஞ்சல் வீறிட்டு அழுதாள்.

உடைக்காதே என்று கத்த நினைத்தாள். தூக்கிக்கொண்டு ஓடு என்று கத்த நினைத்தாள். மீண்டும் ஆட்டலாமென்று கையை நீட்டினாள். கை அசையாத கனத்தில் மோதியது.

ஒரு லாரி திரும்பியது. வெளிச்சம் சுவரில் ஏறி, தூளியின் மேல் நின்றது.

சேலைக்குள் இருந்தது, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, மெல்ல எழுந்து நின்றது. அவள் தோள் உயரம். அவள் உயரம். அவளைவிட உயரம். முகத்தை மூடியிருந்த துணி மூச்சுக்கு உள்வாங்கி வெளியே வந்தது.

மேல் தாழ்ப்பாள் பெயர்ந்து தரையில் விழுந்தது.

துணிக்குள் அந்தத் தலை திரும்பியது. அவள் பக்கம் அல்ல. குழந்தை அழுத பக்கம்.