ஏழாம் மூடியின் காற்று

ஏழாம் எண் குடுவையின் உட்பக்கம் வேர்த்திருந்தது.

அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வயல் காற்றை ஈரம் உறிஞ்சும் உப்புக் குழாய் வழியாகத்தான் குடுவைக்குள் இழுப்பார்கள். உள்ளே பொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. இதிலோ, யாரோ வாயை வைத்து ஊதியது போல வெண்மை படர்ந்திருந்தது. பெட்டியிலிருந்த மற்ற பதினொன்றும் பளிச்சென்று இருந்தன.

அண்ணன் உப்பை மாற்ற மறந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

நகரத்துக்கு வெளியே, ஆற்றை ஒட்டிய சோதனை வயலில், மண்மேல் கவிழ்த்து வைத்த பன்னிரண்டு தகர மூடிகளுக்கு அவளுடைய அண்ணன்தான் காவல். மூடிகளுக்குள் சேரும் காற்றைக் குடுவைகளில் பிடித்து, சீட்டு ஒட்டி, விடிவதற்குள் ஆய்வகத்தின் பின்வாசலில் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவான். அந்தக் காற்றிலிருக்கும் நைட்ரஸ் ஆக்சைடு எங்கே பிறந்தது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. பல் டாக்டர்கள் கொடுக்கும் அதே சிரிப்பு வாயுதான். வானத்துக்கு ஏறிவிட்டால் நூறு வருஷத்துக்கு மேல் இறங்காமல் பூமியைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு நைட்ரஜன் அணுக்கள். சில அணுக்கள் மட்டும் கொஞ்சம் கனமானவை. கனமானவை எத்தனை, அவை நடுவில் இருக்கின்றனவா ஓரத்திலா என்று எடைபோட்டுப் பார்த்தால், உரத்திலிருந்து வந்ததா சாணத்திலிருந்து வந்ததா, காற்றோட்டமான மேல்மண்ணா மூச்சு முட்டும் ஆழமா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

"என் தங்கச்சி காத்துக்கே ஜாதகம் பாக்குறா" என்று அண்ணன் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொள்வான். வேலையில்லாமல் இருந்தவனை இங்கே சேர்த்துவிட்டவளும் அவள்தான். போன மாதம் ஒருநாள் அவன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அந்த வயல் எனக்கு ஒத்துவரல குட்டி. வேற எங்கயாச்சும் மாத்திக் குடேன்."

"அளவெடுப்பு முடியட்டும்ணா. ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுக்க."

அவன் ஏனென்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு ஏழாம் குடுவையின் கணக்கு திரையில் வந்தது. வாயு வழக்கத்தைவிட நாற்பது மடங்கு. மெஷினைக் கழுவி மறுபடி ஓட்டினாள். அதே நாற்பது. அந்த வாரத்து ஏழாம் எண்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். திங்கள்கிழமை மேல்மண். செவ்வாய், கொஞ்சம் கீழே. புதன், காற்றே போகாத ஆழம். நாளுக்கு நாள் யாரோ குடுவையை இன்னும் கீழே கொண்டுபோய்ப் பிடித்தது மாதிரி. வியாழக்கிழமையான இன்று அந்த நைட்ரஜன் உரத்துக்கும் பொருந்தவில்லை, சாணத்துக்கும் பொருந்தவில்லை. அவ்வளவு கனம். மாமிசம் தின்று வளர்ந்த உடம்பில்தான் அவள் அப்படிப் பார்த்திருக்கிறாள்.

ஆய்வகத் தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார். "மூடிக்கு அடியில எலியோ பூனையோ செத்துக் கெடக்கும். உங்க அண்ணனைத் தூக்கிப் பாக்கச் சொல்லும்மா."

"மண்ணு ஆழத்துலேருந்து வந்த மாதிரி இருக்கு சார்."

"வளைக்குள்ள செத்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் தேநீர்க் கோப்பையைத் தேடிப் போய்விட்டார்.

அண்ணனின் போன் அணைந்திருந்தது. அண்ணியை அழைத்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றாள் அண்ணி. "உங்க அண்ணன் கிட்ட போனை ஆன் பண்ணி வைக்கச் சொல்லும்மா. தங்கச்சி வீடுன்னா பொண்டாட்டி பிள்ளைங்க ஞாபகமே வராதா?"

"எங்க வீட்லயா?"

"ஞாயித்துக்கிழமை போனவர்தானே. அங்கதான் இருக்காருன்னு நெனச்சேன்." அண்ணியின் குரல் இறங்கியது. "இல்லியா?"

"இல்ல அண்ணி. ஆனா தெனமும் பெட்டி வருது. இன்னைக்கும் வந்துச்சு. வயல் கொட்டகையிலயே தங்கிட்டிருப்பாரு. நான் போய்ப் பாக்குறேன்."

சொல்லும்போது அவளுக்கே அது ஆறுதலாகத்தான் இருந்தது. போனை வைத்துவிட்டு ஏழாம் குடுவையின் சீட்டைப் பார்த்தாள். அண்ணனின் சாய்ந்த எழுத்து, அவன் போடும் நீளமான ஏழு. சீட்டின் பசைப் பக்கத்தில், கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே, சேற்று விரல்தடம் ஒன்று இருந்தது. அது இன்னும் காயவில்லை.

கிளம்புமுன் திரையின் கடைசி வரி கண்ணில் பட்டது. ஆக்ஸிஜன் பதினாறு சதவீதம். கரியமில வாயு நாலரை. அந்த இரண்டு எண்களையும் பள்ளிக்கூடப் பாடத்திலிருந்தே அவளுக்குத் தெரியும்.

மனிதன் வெளியே விடும் மூச்சு.

வண்டியை எப்படி ஓட்டி வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. வயலை அடைந்தபோது மணி நாலுதான். ஆனால் ஆற்றிலிருந்து ஏறிய பனிமூட்டம் வரப்புகளின்மேல் படுத்து, வெயில் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாதபடி எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறமாக்கியிருந்தது; அழுகிய வைக்கோலின் வாடையும், ரொம்ப நாள் மூடிக்கிடந்த அறையைத் திறந்தால் வருகிற வாடையும் கலந்து தொண்டையில் ஒட்டியது. கொட்டகைக்கு வெளியே அண்ணனின் மோட்டார் சைக்கிள். இருக்கையில் நாலு நாள் தூசி. உள்ளே யாருமில்லை. வரப்போரம் அவனுடைய செருப்புகள், வீட்டு வாசலில் கழற்றுவது போல ஜோடியாக இருந்தன.

அங்கிருந்து வெறுங்கால் தடங்கள் சேற்றில் போயின. அவளும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே நடந்தாள். முதல் மூடி. மூன்றாவது. ஐந்தாவது. தவளைச் சத்தம் இல்லை, பூச்சிச் சத்தம் இல்லை, அவள் காலைச் சேற்றிலிருந்து பிடுங்கும் சத்தம் மட்டும். ஏழாம் மூடியருகே தடங்கள் நின்றன. அதற்கு அப்பால் சேறு வழவழவென்று கிடந்தது. திரும்பிப் போன தடம் ஒன்றுமில்லை.

மூடியின் பக்கத்தில் நாளைக்கான காலிக் குடுவைகள் பன்னிரண்டும் அடுக்கியிருந்தன. சீட்டுகள் ஒட்டியிருந்தன.

அவள் மூடியைத் தூக்கினாள்.

குழி இருக்கும் என்று நினைத்தாள். கிளறிய மண் இருக்கும் என்று நினைத்தாள். எலியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். எதுவும் இல்லை. வெளிறிய புல்தான். ஒரு வேர்கூட அறுபடவில்லை. அந்தப் புல் மெதுவாக வெளிப்பக்கம் சாய்ந்தது. பிறகு உள்பக்கம். பிறகு வெளிப்பக்கம்.

காற்று அடிக்கவில்லை.

உள்ளங்கையை மண்ணில் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. தூங்கும் குழந்தையின் முதுகுபோல.

மண் அவள் கையைத் தூக்கியது. இறக்கியது.

"அண்ணா" என்றாள்.

கைக்கு அடியில் அது வேகமெடுத்தது. ஓடி வந்தவனுக்கு இரைப்பதுபோல. அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு எழுந்தாள். வலது பக்கம் தகரம் கிறீச்சிட்டது. எட்டாம் மூடி ஒரு விரல் கனம் மேலே எழுந்து, அமர்ந்தது. பிறகு ஒன்பது. பின்னால், பனிக்குள், ஆறு. நாலு. அவள் கழற்றிப் போட்ட ஏழாம் மூடியும், கிடந்த இடத்திலேயே.

எழும். அமரும். எல்லாம் ஒன்றாக.

ஓட வேண்டும் என்று தோன்றியது. எந்தப் பக்கம் ஓடினாலும் அதன்மேல்தான் ஓட வேண்டும்.

அப்போதுதான் கவனித்தாள். மூடிகள் எழும்போது அவள் நெஞ்சும் எழுகிறது. அவை அமரும்போது அவள் மூச்சு வெளியே போகிறது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சை இழுத்தாள். பிடித்து நிறுத்தினாள்.

பன்னிரண்டு மூடிகளும் எழுந்தபடி அப்படியே நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விரல் கனத்துக்கு இருட்டு.