அழாத பிள்ளை

“எங்கம்மா என்னைக் கைக்குழந்தையா வச்சுக்கிட்டே சோப்புக் கம்பெனியில எட்டு மணி நேரம் நின்னு வேலை பார்த்தாங்க. அப்ப வாஷிங் மெஷின் இல்ல, கேஸ் அடுப்பு இல்ல, கூடமாட ஒரு ஆள் இல்ல. ஒரு வார்த்தை முடியலன்னு சொன்னது கிடையாது.”

சட்டைக் காலரின் மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தியபடி மகன் சொல்லிக்கொண்டிருந்தான். சமையலறை வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அவன் அம்மா தலை நிமிரவில்லை. பேத்தி பிறந்த இந்த ஏழு மாதமாக இதே பேச்சுதான். சொற்கள்கூட மாறுவதில்லை. மருமகள் முதலில் சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு பதிலுக்குப் பதில் பேசினாள். இப்போதெல்லாம் வாயே திறப்பதில்லை.

மருமகள் முன்னறையில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். தொட்டிலுக்குள் குழந்தை வீறிட்டது. பிறந்த அன்றே ஆஸ்பத்திரியின் மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி அழுததால் மகன்தான் அதற்குச் சங்கு என்று பெயர் வைத்தான். அப்போது அது செல்லப் பெயராக இருந்தது.

“நான் அழவே மாட்டேனாம். கம்பெனியில பிள்ளைங்களைப் பார்த்துக்கற ஆயாவே சொல்லுவாங்களாம், இப்படி ஒரு தங்கமான பிள்ளையைப் பார்த்ததில்லன்னு. இல்லம்மா?”

அவள் ஒரு பீன்ஸை ஒடித்தாள். “ம்” என்றாள்.

அந்த ஒரு எழுத்தைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வரும். ஆனாலும் சொல்வாள். முப்பது வருஷம் சோப்புக்கு உறை சுற்றியதற்கு அவளுக்கு மிஞ்சியது தோளுக்கு மேல் தூக்க முடியாத இடது கை. அந்தக் கையை வைத்துக்கொண்டு தொட்டிலிலிருந்து பேத்தியைக்கூடத் தூக்க முடியாது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவன் போய்ச்சேரும் வரை அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. மகன்தான் சொன்னான். சொல்லட்டுமே என்று இருந்துவிட்டாள்.

நேற்று அது எல்லை மீறிவிட்டது. மூன்றாவது தடவையாக மீட்டிங் நடுவில் குழந்தை அலற, மருமகளுடைய மேலதிகாரி வீட்டைச் சரிசெய்துகொண்டு வா என்று எல்லார் காதும் கேட்கச் சொல்லிவிட்டாராம். ஆபீசில் பன்னிரண்டு பேரை வைத்து வேலை வாங்குகிறவள் மருமகள். எட்டு வருஷத்தில் ஏறி வந்த இடம். வேலையை விட்டுவிடு என்றான் மகன். உங்கம்மாவுக்கு ஈஸி, கம்பெனியில் சங்கு ஊதினால் வேலை முடிந்தது, நம் வீட்டில் சங்கு ஊதினால்தான் வேலையே ஆரம்பிக்கிறது என்றாள் மருமகள். அதற்கு அவன் சிரிக்கவில்லை. கடைசியில் ராஜினாமாக் கடிதத்தை அடித்து வைத்திருந்தாள். இன்றைய ஒன்பது மணி மீட்டிங் முடிந்ததும் அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. மகன் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். இடுப்பில் அலறும் குழந்தையோடு மருமகள் சமையலறைக்குள் வந்தாள். மாமியாரைப் பார்க்காமல் அலமாரியைத் திறந்து, போன மாதம் குழந்தைக்குச் சளி பிடித்தபோது வாங்கிய மருந்து பாட்டிலை எடுத்தாள். ஸ்பூனை எடுத்தாள்.

“சளி இருக்கா?” என்று அவள் கேட்டாள்.

“இல்ல.”

“அப்ப எதுக்கு?”

“ஒரு மணி நேரம் தூங்கினா போதும் அத்தை… ஒரே ஒரு மணி நேரம். உங்க பிள்ளை தூங்கின மாதிரி.”

குத்தலாகத்தான் சொல்ல நினைத்திருப்பாள். ஆனால் குரல் நடுவிலேயே உடைந்துவிட்டது. ஸ்பூனில் மருந்து நிறைந்தது. அந்தத் தித்திப்பு வாசனை மாமியாரின் மூக்கில் ஏறியது. பீன்ஸ் தட்டு கவிழ எப்படி எழுந்தாளோ, வலது கையால் ஓங்கி அடித்தாள். ஸ்பூன் எங்கோ பறந்தது. பாட்டில் தரையில் விழுந்து உடைந்தது.

மகன் ஒரு கால் ஷூவோடு ஓடி வந்தான். தரையில் பரவிய சிவப்பைப் பார்த்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டான்.

“தூங்க வைக்கவா? பெத்த குழந்தைக்கு… நீயெல்லாம் ஒரு தாயா? எங்கம்மா இப்படியா என்னை…”

“உங்கம்மாவும் இதைத்தான் குடுத்தா” என்றாள் அம்மா.

அவன் அம்மா பக்கம் திரும்பினான்.

“தினமும் குடுத்தா. கம்பெனி கேட்டுக்கு வெளியில நின்னு, ஒரு ஸ்பூன்.”

சொல்லத் தொடங்கியதும் அவளுக்குப் பயம் போய்விட்டது. கோபம் மட்டும் இருந்தது. கம்பெனியில் பிள்ளை ரூம் என்று ஒன்று இருந்ததைச் சொன்னாள். முப்பது குழந்தைக்கு ஒரே ஆயா. எந்தக் குழந்தை அழுதாலும் வேலையை நிறுத்திவிட்டு அதன் அம்மா ஓட வேண்டும். ஒரே நாளில் மூன்று தடவை ஓடினால் மறுநாள் வர வேண்டாம் என்பார்கள். அதனால் எல்லாப் பெண்களும் மருந்து ரூமில் இருமல் என்று பொய் சொல்லிச் சிவப்பு மருந்தை வாங்கிக்கொண்டார்கள். காலை பத்து மணிக்கு முப்பது குழந்தைகளும் சத்தமில்லாமல் கிடக்கும். முதலாளி வெளியாட்களைக் கூட்டி வந்து அந்த அமைதியைப் பெருமையாகக் காட்டுவார்.

“தங்கமான பிள்ளைன்னு ஆயா சொன்னது நிஜம்தான். முப்பது பிள்ளையையும் அவ அப்படித்தான் சொன்னா.”

“எனக்கு ஏதாவது ஆகியிருந்தா?” மகனின் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி வந்தது.

“ஆச்சு. ஒரு நாள் நீ எந்திரிக்கவே இல்ல. சாயங்காலம் பூரா உலுக்கினேன், மூஞ்சில தண்ணி அடிச்சேன். மறுநாள் காலையில ஆறு மணிக்குத்தான் கண்ணைத் திறந்த.”

“அதுக்கப்புறம் நிறுத்திட்டீங்கல்ல அத்தை?” மருமகள் கெஞ்சுவது போலக் கேட்டாள்.

“இல்ல. எட்டு மணிக்கு வேலைக்குப் போகணுமே. அன்னைக்கு அரை ஸ்பூன் குடுத்தேன்.”

குழந்தை இடுப்பிலிருந்து திமிறியது. பிறகு முன்னைவிடப் பலமாக அழுதது.

“எனக்கு ஈஸியா இருந்துச்சா, இவளுக்கு ஈஸியா இருக்கான்னு தினமும் பஞ்சாயத்து வைக்கிறியே. ரெண்டு பேருக்கும் இல்லடா. உனக்குத்தான் ஈஸி. அப்பவும் தூங்கிக்கிட்டு இருந்த, இப்பவும் தூங்கிக்கிட்டுதான் இருக்க. என்னைக் காட்டி இவளை அடிக்காதே. அதுக்கு நான் உனக்குக் கம்பு இல்ல.”

மகன் சுவரில் சாய்ந்துகொண்டான். மருமகள் தன்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று அவள் ஒரு கணம் எதிர்பார்த்தாள். மருமகள் அழத்தான் செய்தாள். ஆனால் கண்ணில் நெருப்பு இருந்தது.

“ஏழு மாசமா உங்க முன்னாடிதான் இவர் என்னைக் குத்திக்கிட்டே இருந்தாரு. நீங்க காய் நறுக்கிக்கிட்டு இருந்தீங்க.”

“ஆமா.”

“ஏன் அத்தை?”

“கேக்க நல்லா இருந்துச்சும்மா” என்றாள் அவள்.

அதற்கு மேல் ஒளிக்க அவளிடம் ஒன்றும் இல்லை. மருமகள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைக் கணவன் முன்னால் நீட்டினாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அவன் வாங்கிக்கொண்டான்.

“அந்த லெட்டர்…” என்று ஆரம்பித்தான்.

“அதை நான் பார்த்துக்கறேன்.”

நடக்கத் திரும்பியவள் மறுபடி நின்று, குனிந்து, மாமியாரின் வெறுங்காலருகே கிடந்த பெரிய சில்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். “கண்ணாடி இருக்கு. கால வைக்காதீங்க” என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சற்று நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் எல்லாருக்கும் வணக்கம் சொல்வது கேட்டது. குரலில் பிசிறு இல்லை.

மகன் ஒற்றை ஷூவோடு கூடத்தில் நடந்தான். இஸ்திரி போட்ட தோளில் குழந்தையின் எச்சில் வழிந்தது. பையில் போன் அடித்தது. எடுக்கக் கை இல்லை.

“எப்படிம்மா இதை நிறுத்தறது?”

“எனக்குத் தெரியாது” என்றாள் அவள். உண்மைதான்.

ஈரத்துணியை எடுத்துத் தரையில் உட்கார்ந்து சிவப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். பேத்தி விடாமல் அழுதது. மூச்சு வாங்கி, விக்கி, மறுபடி உச்சத்துக்கு ஏறி… அவள் துணியை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டாள். இவன் கைக்குழந்தையாக இருந்தபோது எப்படி அழுவான் என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.