எதிரடிப் பொத்தான்

முரசு தானாக அடித்துக்கொண்டிருந்தது. அப்படி அடிக்கவே கூடாது.

முரசு என்றால் ஊரைக் கூட்டுகிற முரசில்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு சிலிக்கான் தோல், விண்வெளியை விடக் குளிர்ந்த உருளைக்குள் கிடப்பது. அது லேசாகச் சிலிர்த்தாலும் பக்கத்திலிருக்கும் குவாண்டம் சில்லு திரையில் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது காட்டியது நிமிடத்துக்கு நூற்று நாற்பது துடிப்பு. ஆய்வகத்தில் எல்லோரும் பூனை என்று கூப்பிடும் அவள் பம்பை நிறுத்தினாள், ஏசியை நிறுத்தினாள், சூடான கம்பி வாடை மட்டும் மிஞ்சிய அந்த ஜன்னலில்லாத அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துடிப்பு நிற்கவில்லை. ஓசைப்படாமல் நடப்பதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். எட்டு மாத வயிற்றோடும் அப்படித்தான் நடந்தாள். ஏழு வருஷம் ஏங்கி ஏங்கித் தங்கிய பிள்ளை.

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து பதிவைப் பார்த்தாள். அவள் வெளியே இருந்த நேரம் முழுக்கக் கோடு நேராகக் கிடந்தது. உள்ளே வந்ததும் மறுபடி நூற்று நாற்பது. இதென்னடா கூத்து என்று தன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள். எண்பது. அப்பாடா, நம்முடையது இல்லை.

ஆய்வகத் தலைவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இன்னுமா இரைச்சல்? நாலு மணிக்குப் பணம் கொடுக்கிறவங்க பார்க்க வந்துடுவாங்க."

"எங்கேயிருந்து வருதுன்னே பிடிபடலை சார்."

"முதல்ல அடக்கு, அப்புறம் விசாரி. நம்ம வழக்கம்தானே?"

வழக்கம்தான். எந்த அதிர்வுக்கும் நேர் எதிராக ஓர் அடி கொடுத்தால் அது கிளம்பிய இடத்திலேயே அடங்கிவிடும். எதிரடிப் பொத்தானை அழுத்தினாள்.

நூற்றிருபது. தொண்ணூறு.

வயிற்றில் ஓர் உதை, விலா வரைக்கும்.

"இருடா கண்ணா, அம்மா இதோ முடிச்சுடறேன்."

அறுபது. இன்னோர் உதை, மெதுவாக. நாற்பது.

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

ஐயோ.

பொத்தானை அணைத்தாள். எதிரடிக்குப் போகும் மின்கம்பியையே பிடுங்கினாள். அப்படியும் கோடு நேராகிவிட்டது. உதைடா. ஒரே ஒரு தடவை உதைடா. இரண்டு கையாலும் அழுத்தினாள். ஒன்றுமில்லை.

"அடேயப்பா!" தலைவர் கைதட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "இவ்வளவு அமைதி எங்கேயும் வந்ததில்லம்மா!" பிடுங்கிய கம்பியைப் பார்த்து, அதைப் பொறுப்பாகத் திரும்பச் செருகினார்.

திரையில் புதிதாக ஒரு துடிப்பு எழுந்தது. நூற்று முப்பது. அவள் காதுக்குள் இடித்த அவளுடைய இதயமும் அதே வேகம். அதே அடி.

"சார்..." கம்பியை நோக்கிக் கை நீட்டினாள்.

"இன்னொண்ணு இருக்கு பாரேன்," என்றார் அவர் சிரித்துக்கொண்டே. விரல் பொத்தானுக்குப் போனது.

நூற்றுப் பத்து. எண்பது.

ஐம்பது.