லைஃப் ஜாக்கெட்டும் ஒரு பொய்யும்

"எடை எவ்வளவுங்க? அதுக்குத் தகுந்த அளவுலதான் தரணும்..."

படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட் கொடுப்பவன் சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கண்கள்... மழைக்கு முந்தைய ஏரி போல அத்தனை அமைதி! அவற்றைப் பார்த்துக்கொண்டு அறுபத்தெட்டு என்று சொல்ல எந்தப் பெண்ணுக்குத்தான் வாய் வரும்? அதுவும் ஒல்லிக்குச்சித் தங்கை பக்கத்திலேயே நிற்கும்போது!

"ஐம்பத்திரண்டு..." என்றாள், கூசாமல்.

"நிஜமாவா?"

"ஏன், தராசு வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க, கண்ணுதான் இருக்கு" என்று சிரித்தபடி சின்ன அளவை நீட்டினான். மேல்கொக்கி எப்படியோ மாட்டியது. கீழ்க்கொக்கி... மூச்சை எவ்வளவு இழுத்தும் எட்டவே இல்லை. கைப்பையால் அதை மறைத்துக்கொண்டு படகில் ஏறிவிட்டாள்.

துறையை விட்டுச் சற்றே விலகியதும் படம் எடுக்கத் தங்கை எழுந்தாள். படகு ஆட, இவள் தொப்பென்று தண்ணீரில்! ஜாக்கெட் மேலேறி முகத்தை மூடியது. மூச்சு முட்டியது... நீந்தி வந்த ஒரு கை அவளை இழுத்துப் பிடித்தது. அவன்தான்!

கரையில் காத்திருந்த அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "உருப்படாத ஜாக்கெட்டைக் குடுத்து என் பொண்ணைக் கொல்லப் பாத்தியா?"

"நாளையிலேருந்து நீ வராதே" என்றார் படகுத்துறை மேலாளர். அவன் சொட்டச் சொட்ட நனைந்து, தலைகுனிந்து நின்றான்.

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கன்னம் சிவக்கும் வெட்கமல்ல, நாணிக் குறுக வைக்கும் வெட்கம். சொன்னால் இத்தனை பேரும் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் அவன் பிழைப்பில் மண்...

"அப்பா! நான் அறுபத்தெட்டு கிலோ. அவர்கிட்ட பொய் சொன்னேன். கீழ்க்கொக்கியும் போடல..."

தங்கை களுக்கென்று சிரித்தாள்.

"இல்ல சார், தப்பு என்னோடதும்தான்" என்றான் அவன். "கொக்கியை இழுத்து, தோள்பட்டையைத் தூக்கிப் பாத்துட்டுதான் ஏத்தணும். எல்லாருக்கும் பாக்கறேன்... இவங்களுக்கு மட்டும் பாக்கல."

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இனிமே ஒருத்தரையும் பாக்காம ஏத்தாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்பாவும் முணுமுணுத்தபடி தங்கையுடன் வண்டியை எடுக்க நடந்தார்.

தூறல் விழுந்தது.

"எனக்கு மட்டும் ஏன் பாக்கல?" என்றாள், தரையைப் பார்த்தபடி.

"கிட்ட வந்தா கை நடுங்கிச்சுங்க... பிடிச்சுப்போனா அப்படித்தான் ஆகும்போல."

அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

"எனக்கும் அதனாலதாங்க... பொய் வந்துச்சு."