வெந்நீர் அறை

ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் வாளியைத் தூக்கியபோது அது சூடாக இருந்தது.

நான்கு வருடமாக அந்த வாளியைக் காலையில் ஒருதரம், மூடும்போது ஒருதரம் ஊழியர் ஏரம்புதான் கொட்டுகிறார். அரை வாளிக்கு மேல் அது நிறைந்ததில்லை, சேரும் தண்ணீர் எப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும். இன்று வெள்ளிக்கிழமை. அருங்காட்சியகத்தை நண்பகலிலேயே மூடியாயிற்று, அதற்குள் இது மூன்றாவது வாளி. குனிந்தபோது, குளிப்பாட்ட இலந்தை இலையை அரைத்துக் கரைத்த வாசனை முகத்தில் அடித்தது.

அரபுநாட்டு சோஹார் கடற்கரையை ஒட்டிய, இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட அந்த மாளிகையை ஒரு பிரபு குடும்பம் கட்டியபோது, அடியில் கிடந்த பழைய ஹம்மாமை, அந்தக் காலத்துப் பொதுக் குளியல்கூடத்தை, இடிக்காமல் அதன் மேலேயே சுவர் எழுப்பிவிட்டார்கள். குளிர்ந்த அறை, இளஞ்சூட்டு அறை, கடைசியில் வெந்நீர் அறை என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும். மேலே மாளிகைக் கூடத்தின் தரையில் பதித்த தடித்த கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெந்நீர் அறை முழுதும் தெரியும். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து பல தலைமுறை ஆகிறது.

இளஞ்சூட்டு அறையில் நின்ற ஏரம்பு வாளியைக் கீழே வைத்தார். அடுத்திருந்த வெந்நீர் அறையின் இருட்டிலிருந்து, கல்தரையில் செம்பு உரசும் சத்தமும், யாரோ மொண்டு ஊற்றிய தண்ணீர் முதுகில் வழிந்து கல்லில் சிதறும் சத்தமும், அதன் பின்னால் சுகமான ஒரு பெருமூச்சும் கேட்டன.

பார்வையாளர் யாராவது மாட்டிக்கொண்டார்களா?

"ஆர் உள்ள?"

சத்தம் நின்றது.

"அண்ணே," என்றது ஒரு குரல். காவலாளி சுஐபின் குரல். "முதுகு தேய்க்க ஆளில்லண்ணே. உள்ள வாங்க."

சுஐபு கீழக்கரைக்காரன், இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். ஏரம்பு காய்ச்சலில் கிடந்த நாளெல்லாம் ரூமுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவன். விளையாட்டுக்குக்கூட இப்படிப் பேசமாட்டான். ஏரம்பு அவனுக்கு போன் போட்டார்.

"தம்பி, நீர் எங்க நிக்கிறீர்?"

"பள்ளியிலண்ணே. ஜும்மா தொழுகை இப்பத்தான் முடிஞ்சுச்சு." பின்னால் கார் ஹாரன்கள். "என்னாச்சு, குரலே சரியில்ல?"

"கீழ ஆரோ குளிக்கினம். உம்மட குரலில என்னைக் கூப்பிடுது."

"பயப்படாம அங்கயே நில்லுங்க. ரெண்டு நிமிசத்துல வந்துருவேன்."

செம்பு மறுபடி உரசியது. இம்முறை அறை வாசலில்.

ஏரம்பு நிற்கவில்லை. ஊழியர் படிகளில் ஏறி ஓடி, கூடத்துக்கு வந்துதான் மூச்சு விட்டார். ஏசி உறுமிக்கொண்டிருந்த அந்தக் குளிரிலும் கண்ணாடித் தரை செருப்பை மீறிச் சுட்டது. அதன் அடிப்பக்கம் முழுக்க ஆவி படிந்திருந்தது.

வெளிப்பக்கப் படி வழியாக சுஐபு நேரே கீழே இறங்கிவிட்டான். அவன் குரல் ஊழியர் படி வழியாக மேலே கேட்டது.

"ஏரம்பண்ணே! எங்க இருக்கீங்க?"

இவர் வாய் திறக்குமுன் கீழிருந்தே பதில் போயிற்று. இவருடைய குரல். அதே யாழ்ப்பாணத்து இழுவை.

"இஞ்ச வாரும் தம்பி. நான் இஞ்சதான் நிக்கிறன்."

"போகாதையும்!"

மண்டியிட்டுக் கண்ணாடியை இரு கையாலும் அறைந்தார். கீழே கேட்டதாகத் தெரியவில்லை. போன் போட்டார். கீழே மணி அடித்தது. தண்ணீருக்குள் அமிழ்ந்ததுபோல் கரகரத்து அடங்கியது.

படி பத்தடி தூரத்தில்தான் இருந்தது. ஓடியிருக்கலாம். அவர் ஓடவில்லை. கால் மரத்துப்போயிருக்கவுமில்லை. அது அவருக்கே தெரிந்தது.

ஆவி மெல்ல விலகியது.

கல்மேடையில் சுஐபு உட்கார்ந்திருந்தான். தலை குனிந்து. அம்மா குளிப்பாட்டும் பிள்ளைபோல.

சுற்றிலும் கைகள். கைகள் மட்டும்.

அவசரமில்லாமல் தேய்த்துக்கொண்டிருந்தன. தேய்த்த இடமெல்லாம் நுரை. சட்டை கரைந்தது. தோள் கரைந்தது. சோப்புக்கட்டி தேய்வதுபோல் அவன் சிறுத்துக்கொண்டே வந்தான்.

பிறகு தலை நிமிர்ந்தது.

கண் இல்லை. மூக்கு இல்லை. வழுவழுவென்று, வெள்ளையாக, ஏரம்புவை நோக்கி உயர்ந்த முகம்.

ஒரு கை அதன்மேல் இன்னொரு செம்பு வெந்நீரை மெதுவாக ஊற்றியது.