மார்த்தாவின் மெட்டடோர்

சனிக்கிழமை, காலை ஏழு மணி. நாமக்கல்லில் வெள்ளியங்கிரியின் லாரி பாடி கட்டும் பட்டறையில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. பாதி கட்டிய லாரிகள் இருந்தன, மரச்சட்டங்கள் இருந்தன, பெயிண்டு டப்பாக்கள்கூட இருந்தன. மூலையில் வேப்பமரத்தடியில் நின்ற மார்த்தாவின் மெட்டடோர் வேனை மட்டும் காணோம்.

மார்த்தா அந்த வெற்றிடத்தைப் பார்த்தபடி நின்றாள்.

அவள் ஜெர்மன்காரி. புருஷன் பீட்டர் குடிதண்ணீருக்கு போர்வெல் போடும் வேலைக்காக 1977இல் எருமப்பட்டிக்கு வந்தவன். துளை போடும் ரிக் வண்டி மேலிருந்து விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். உட்கார முடியாது, படுத்தபடிதான் எங்கும் போக வேண்டும். வேலூரில் திங்கட்கிழமை ஆபரேஷன். அதைத் தவறவிட்டால் எலும்பு கோணலாகக் கூடிவிடும், பிறகு ஆயுசுக்கும் நடக்க மாட்டான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஆபரேஷன் முடிந்தும் மாதக்கணக்கில் அங்கேயே தங்கியாக வேண்டும். வாடகைக்கு வழியில்லை. அதனால்தான் கையிலிருந்ததை எல்லாம் வழித்துப் போட்டு, ரிக் முதலாளி தங்கசாமியிடம் பழைய வேனை வாங்கினாள். வெள்ளியங்கிரி அதற்குள் கட்டில் போட்டு, அடுப்பு மேடை கட்டி, தண்ணீர்த் தொட்டி வைத்துக் கொடுத்திருந்தார். இனி அதுதான் அவர்கள் வீடு.

எட்டரைக்கு இன்ஸ்பெக்டர் செங்கோட்டையன் வந்தார். ஆளைப் பார்த்துப் பேசுவதைவிடத் தரையைப் பார்த்தே அதிகம் பேசுகிறவர். ஸ்டேஷனில் அதற்காக அவரைக் கேலி செய்வார்கள், அவர் காதுபட அல்ல.

"நேத்து இங்க ஆரு இருந்தாங்க?"

"ஆருமில்லீங்க," என்றார் வெள்ளியங்கிரி. "அமாவாசைங்களே, ஆசாரிமாரு உளியைத் தொடமாட்டாங்க. வாட்ச்மேன் சின்னான் அவங்கய்யனுக்குத் திதி குடுக்க மோகனூர் போயிட்டான்."

"கேட்டுச் சாவி?"

"தூணுக்கு மேல, ஓட்டுச் சந்துலங்க. வாரவங்க போறவங்க எல்லாத்துக்கும் தெரியும்."

"வண்டிச் சாவி?"

"வண்டியிலயேதானுங்க. அப்பப்ப நகத்தி வெக்கோணுமில்லீங்க?"

வெற்றிலை பாக்கு வைத்துத் திருடனை அழைக்காததுதான் பாக்கி. செங்கோட்டையன் பெருமூச்சு விட்டார். சேதி கேட்டு ஓடிவந்திருந்த தங்கசாமி பக்கம் திரும்பினார்.

"இன்சூரன்சு ஆரு பேருல?"

"எம் பேருலதானுங்க. ஆர்.சி. புக்கும் எம் பேருல. வெளிநாட்டுக்காரங்களுக்குப் பேரு மாத்தோணும்னா, இங்க தங்கறதுக்கான பர்மிட்டு மெட்ராசுல இருந்து வரோணுமாம். அது வராம புக்கு மாறாது. புக்கு மாறாம இன்சூரன்சு மாறாது."

"அப்ப வண்டி போனதுக்குப் பணம் வந்தா?"

தங்கசாமி தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத்தான் வருமுங்க."

மார்த்தா அவர் முன்னால் வந்து நின்றாள். எருமப்பட்டிப் பெண்களிடம் படித்த தமிழ், கோபத்தில் கொச்சை மாறாமல் வந்தது.

"வித்த காசும் உங்களுக்கு, இன்சூரன்சு காசும் உங்களுக்கா? என்ற ஊட்டுக்காரரு காலு போவுதே! திருடன்! நீங்க திருடன்!"

தங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். அது அவளுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே பட்டது.

அந்த நேரம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான் செல்லமுத்து, இன்சூரன்சு ஏஜெண்ட். பேர் மாற்றும் அலைச்சலை எல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டவன். "அமாவாசை அன்னிக்குப் பட்டறைப் பக்கம் போவாதீங்கம்மா, ஆரும் இருக்க மாட்டாங்க" என்று அக்கறையாய்ச் சொல்லிவைத்தவனும் அவன்தான்.

"அழுவாதீங்கம்மா. சார் கண்டுபுடிச்சிருவாரு," என்றான்.

"ஆர்.சி. புக்கு எங்க தம்பி?" என்றார் செங்கோட்டையன்.

"சேலம் ஆபீசுல குடுத்திருக்கேனுங்க சார். தங்கசாமியண்ணன் கையெழுத்துப் போட்ட பேரு மாத்தற பாரமும் கூடவே."

"பாரத்துல வாங்கறவங்க பேரு எழுதியாச்சா?"

தங்கசாமிதான் சொன்னார். "அந்த எடத்தைச் சும்மா உட்டுட்டமுங்க. வெள்ளக்காரப் பேரு, தப்பா எழுதிட்டா பாரம் வீணாப்போயிரும், ஆபீசுல கேட்டு எழுதிக்கலாம்னு தம்பி சொன்னாப்ல."

செங்கோட்டையன் தலையாட்டிவிட்டு வேப்பமரத்தடிக்கு நடந்தார். குனிந்தார். மண்ணில் நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழம் ஒன்றைக் குச்சியால் தள்ளினார். சற்றுத் தள்ளி இன்னொன்று. பின்னால் இரண்டு.

"அது கெடக்குமுங்க," என்றார் வெள்ளியங்கிரி. "வண்டி டெலிவரி எடுக்கறவங்க டயருக்கடியில வெச்சு ஏத்திட்டுப் போறதுதானுங்களே."

"டெலிவரி எங்க குடுப்பீங்க?"

"கேட்டுப் பக்கமுங்க. அங்கதான் பூசை போடுவோம்."

"அப்ப இந்த மூலைக்கு எலுமிச்சம்பழம் எப்படி வந்துச்சு? அதுவும் வேன் சக்கரம் நின்ன நாலு எடத்துல, சாறுகூடக் காயாம?"

வெள்ளியங்கிரியும் குனிந்து பார்த்தார். நாளெல்லாம் எலுமிச்சம்பழத் தோலை மிதித்தே பழகிய கால். அது அவர் கண்ணில் எங்கே படப்போகிறது?

செங்கோட்டையன் நிமிர்ந்தார். "திருடிட்டுப் போற வண்டிக்கு எவனும் எலுமிச்சம்பழம் வெக்க மாட்டான். காசு குடுத்து வாங்கினவன்தான் வெப்பான். அமாவாசை, நல்ல நாளு. பூசை போட்டுத் தன் வண்டின்னு நெனச்சு ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான். இன்சூரன்சுக்காகத் தங்கசாமி ஒளிச்சு வெச்சிருந்தா பூசை எதுக்கு? சரி, வெள்ளியங்கிரி வித்தாரா? புக்கு இல்லாம எந்தப் புத்திசாலி பணம் குடுப்பான்? புக்கும் பேரெழுதாத பாரமும் ஆருகிட்ட இருந்துச்சோ, அவன்தான் வித்திருக்கோணும்."

எல்லார் பார்வையும் செல்லமுத்து மேல் திரும்பியது.

"வா தம்பி. சேலம் ஆபீசுக்குப் போன் போட்டு, புக்கு வந்துச்சான்னு கேட்டுப்போடலாம்."

செல்லமுத்துவின் முகம் சுண்டிப்போனது. "போன் வேண்டாமுங்க சார். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவுளி வியாபாரிங்க. தங்கசாமியண்ணன் விக்கச் சொன்னாருன்னு சொல்லித்தான் குடுத்தேன்." மார்த்தாவை ஏறிட்டுப் பார்க்காமலே முனகினான். "அண்ணனுக்கு இன்சூரன்சு வந்துரும். இவங்க வெள்ளக்காரங்கதானே, இன்னொன்னு வாங்கிக்குவாங்கன்னு நெனச்சேன்."

மார்த்தா அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

மாலை நான்கு மணிக்கு, போலீஸ்காரர்கள் ஆத்தூரிலிருந்து மீட்டு ஓட்டிவந்த வேன் ஸ்டேஷன் வாசலுக்கு வந்து சேர்ந்தது. கட்டிலும் அடுப்பு மேடையும் அப்படியே இருந்தன. மார்த்தா ஓடிப்போய்க் கதவைப் பிடித்தாள். செங்கோட்டையன் சங்கடத்தோடு குறுக்கே வந்தார்.

"வண்டி கேசு சொத்தும்மா. கோர்ட்டு சொல்லாம உட முடியாது. கோர்ட்டும் புக்குல பேரு இருக்கறவங்களுக்குத்தான் குடுக்கும். காயிதத்துல நீங்க ஆருமே இல்ல."

கண்ணெதிரே வண்டி, ஒரு நாள் விட்டுத் திங்கட்கிழமை ஆபரேஷன், ஆனால் தொட உரிமையில்லை. அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். காணாமல் போனபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

"புக்குல இருக்கறது எம் பேருதானுங்களே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தங்கசாமி. காலையில் திருடன் என்று பட்டம் வாங்கிப் போனவர், மடிப்புக் கலையாத சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். "மாஜிஸ்திரேட் ஐயா ஊட்டுக்கே இப்பப் போயிரலாமுங்க. எத்தனை ஜாமீன் வேணுமின்னாலும் நான் கையெழுத்துப் போடறேன்."

மார்த்தா எழுந்து நின்றாள். "அண்ணா, நான் உங்களைக் காத்தால..."

"அதை அப்பறம் பேசிக்கலாம் அம்மணி. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி அவரைக் கெளப்பி வெய்யுங்க. வேலூருக்கு நானே வண்டி ஓட்டிக்கிட்டு வாரேன்."

அவள் பதில் சொல்லத்தான் பார்த்தாள். எருமப்பட்டித் தமிழ் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது.